நெருப்பைத் தாங்கிய கல்

பகலெல்லாம் அனலை விழுங்கி இரவில் கக்கும் கற்கள் அவை; உப்பையும் பீங்கான் மாவையும் அழுத்திச் செய்தவை. ஆலைகளில் உழைத்து ஓய்ந்தபின் மறுசுழற்சிக் கூடத்துக்கு வரும். அவற்றைக் கரைப்புத் தொட்டியில் இறக்குவது அவள் வேலை. உப்பு நீரோடு பிரியும், மாவு சேறாய்ப் படியும், இரண்டும் சேர்ந்து மீண்டும் கல்லாகும்.

அவள் கணவன் அக்கற்களைக் கொண்டுவரும் லாரியின் ஓட்டுநர். வாசலில் கொட்டுவதோடு சரி. உள்ளே நடப்பதை அவள் சொல்லத் தொடங்கினாலே அவனுக்குக் கொட்டாவி வரும்.

தாய்வீட்டில் சில நாள் தங்கித் திரும்பியவளை வரவேற்றது கொல்லையில் புதிய குளியலறை. மேலே நீர்த்தொட்டி; உள்ளே மூத்த மகள் பாடிக் குளிக்கும் ஓசை.

"எப்படி நம்ம அரண்மனை? ஒத்த ஆளா கட்டினேன்!" என்றான் கணவன்.

சுவரின் அடியில் பூச்சு உதிர்ந்து வெள்ளையாய் ஏதோ கசிந்தது. தொட்டாள். விரல் சுவருக்குள் இறங்கியது.

மணமான நாள் முதல் 'என்னங்க' என்றே அழைத்தவள் அலறினாள்: "யோவ்! இது எங்க கல்லுய்யா!"

"ஆமா, உங்க கூடத்து வேலியோரம் சும்மா கிடந்துச்சு, ஒரு எச்சரிக்கைப் பலகைகூட இல்ல. நெருப்பையே தாங்குற கல்லு, தண்ணிய தாங்காதா?"

"அடியே, வெளிய வாடி!"

"இரும்மா, முகமெல்லாம் சோப்பு!"

கதவை உடைத்து, துண்டு சுற்றியவளை இழுத்து வெளியே தள்ளினாள். சுவர் அப்படியே குழைந்து அமர்ந்தது. தொட்டி தரையில் விழுந்து வெடித்தது.

"மீதிக் கல்லு எங்கய்யா?"

அவன் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். "சின்னவ பள்ளிக்கூடத்துல பொம்பளப் புள்ளைங்களுக்குக் கக்கூஸ் இல்லைன்னு அழுதாளே... தானமா குடுத்தேன். போன வாரமே தண்ணி விட்டாச்சு."

நல்ல மனம்! ஆனால் நஞ்சை நஞ்சென்று எழுதாமல் தெருவில் குவித்தவன் ஊரில் இருக்கும்வரை, நல்ல மனமும் கொலைக் கருவிதானே!

மூத்தவள் ஈரக்கையால் எண்களை அழுத்தினாள். தாய் கைபேசியைப் பறித்தாள். "டீச்சர், கக்கூஸுக்குள்ள இருக்கிற புள்ளைங்கள வெளிய கூப்பிடுங்க! அந்தச் சுவரு தண்ணியில கரையுது!"

விசில் கேட்டது. கால்கள் ஓடும் ஓசை கேட்டது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை.

"சுவத்த குச்சியால குத்திப் பார்த்தேம்மா," என்றார் ஆசிரியை. "குச்சி முழுசா உள்ள போகுது. எல்லாரும் வெளிய வந்துட்டாங்க."

சேற்றில் உட்கார்ந்திருந்தவன் கைபேசிக்குக் கை நீட்டினான்.

"எல்லாரும்னா... எல்லாருமா, டீச்சர்?"

பதில் வந்தபின்னும் அதையே கேட்டுக்கொண்டிருந்தான்.