தம்பூர் வளையம்

அன்று பகல் ஹட்டன் டவுனில் இருந்த தையல் கடையில் இருந்தவர்கள்: எம்பிராய்டரி சொல்லிக்கொடுக்கும் சுகிர்தம் டீச்சர், ஆறு மாதமாக அவரிடம் வேலை பழகும் ஷெரோமி, அவளோடு சேர்ந்து வேலை பழகும் நிஷாந்தி. காலியாக இருந்தது ஒரே வேலை. நன்றாகத் தைப்பவளுக்கு அது, மற்றவள் வீட்டுக்கு.

நிஷாந்திக்கு ஊசியைப் பற்றிப் பயமில்லை. அப்பாவைப் பற்றித்தான் பயம். வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில் சாவு விழுந்தால் தப்பு மேளம் அடிக்கிறவர் அவர். போன வருடம் ஒரு துணிக்கடையில் அது தெரிந்த மறுநாளே அவளை வரவேண்டாம் என்றுவிட்டார்கள். இங்கே கேட்டபோது, "அப்பா மேசன்" என்றிருந்தாள்.

கல்யாணப் பெண் தலையில் போடும் நைலோன் நெட்டை, ஆளுக்கொரு துண்டாக மரவளையத்தில் இறுக்கிக் கொடுத்தார் டீச்சர்.

"இந்த வளையத்துக்குப் பேரு தம்பூர். பிரெஞ்சுக்காரன் மேளத்துக்கு வச்ச பேரு. தோல இழுத்துக் கட்டுற மாதிரி துணிய இழுத்துக் கட்டுறோமில்ல, அதான் இதுக்கும் அதே பேரு."

"அவனுக்கு எங்கருந்து வந்துச்சு டீச்சர்?" என்றாள் ஷெரோமி.

"ஒருத்தன் அரபிங்கிறான், ஒருத்தன் பாரசீகங்கிறான். நீ தட்டிப் பாரு. தொம்முனு கேக்கணும்."

நிஷாந்தி தலை நிமிரவில்லை. மேளப் பேச்சு எப்போது ஓயும் என்று காத்திருந்தாள்.

ஒரு மணி நேரம் குத்தியதில் நிஷாந்தியின் நெட் தொய்ந்தது. தட்டினாள், மந்தமாகக் கேட்டது. வளையத்தின் திருகை முடுக்கினால் போதும். ஆனால் தோல் இறுகட்டும் என்று அப்பாவின் தப்பை நெருப்பில் காட்டிக் காட்டியே வளர்ந்த கை அது. யோசிக்கும் முன்னே வளையத்தை, ஓரமாகக் கனன்றுகொண்டிருந்த கரி இஸ்திரிப் பெட்டிக்கு மேலே பிடித்துவிட்டது.

நெட் சுருண்டு நடுவில் ஓட்டை விழுந்தது.

"அடியேய், தப்பு காய்ச்சுறியா?" ஷெரோமி சும்மாதான் சொன்னாள். நிஷாந்தியின் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றது.

டீச்சர் வளையத்தைப் பிடுங்கினார். "சூட்டுல காட்டச் சொல்லி யாருடி யோசன குடுத்தது?"

இனி மேசன் கதை எடுபடாது. "எங்கப்பா தப்படிப்பாருங்க டீச்சர்."

டீச்சர் போய் வாசல் கதவைத் திறந்தார்.

"பைய எடுத்துக்கிட்டுக் கெளம்பு."

வெளியே மூடுபனி. படியில் இறங்கியவள் திரும்பினாள். "துணி பொசுங்குனதுக்கா டீச்சர், இல்ல அப்பாவுக்கா?"

டீச்சர் நெட்டில் விழுந்த ஓட்டையின் விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். "குளிரு உள்ள வருது," என்றார். கதவு சாத்தப்பட்டது. உள்ளே சாவி இரண்டு முறை திரும்பியது.