மூன்றாவது சரணத்து மௌனம்

“நாலாவது இடம் யாருக்குன்னு படிச்சியா?” என்று கேட்டுக்கொண்டே தம்பி ஒலிப்பதிவு அறைக்குள் வந்தான். கையில் ஒரு பத்திரிகை. ஈ அடிக்கப் போகிறவன் மாதிரி அதைச் சுருட்டிப் பிடித்திருந்தான்.

அண்ணன் நாற்காலியைத் திருப்பவில்லை. “படிக்காம இருப்பேனா? என் போட்டோதானே போட்டிருக்கான்.”

“‘பேஸ் கிதாரின் போக்கையே மாற்றிய பத்துப் பேர்.’ அதுல நீ நாலாவது. பேஸ்ல எத்தனை கம்பின்னு சொல்லு பாப்போம்.”

“வாய் நீளுது, தூணு.”

தூண் என்பது அண்ணன் வைத்த பட்டப்பெயர். அண்ணன் பாடகன், தம்பி பேஸ் வாசிப்பவன். முதல் மேடை ஏறியபோதே, ‘நீ இல்லாட்டி கூரை நிக்காதுடா, ஆனா தூணை எவன் பாக்கறான்?’ என்று தோளைத் தட்டிச் சிரித்தவன் அண்ணன். இருவருக்கும் இப்போது அறுபது தாண்டிவிட்டது. ஒரே ஒரு பாட்டுதான் இத்தனை வருஷமும் சோறு போட்டது.

அந்தப் பாட்டின் மறுபதிப்பு வருகிறது. இசைத்தட்டு உறையில் போடும் பெயர்கள் மூன்று மணிக்குள் அச்சகத்துக்குப் போக வேண்டும். பழைய உறையில், பேஸ் என்ற இடத்தில் அண்ணன் பெயர் இருந்தது. அச்சுப் பிழை என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லியிருந்தான்.

“இந்தத் தடவை திருத்திடு,” என்றான் தம்பி. “வேற ஒண்ணும் கேக்கல.”

“இப்ப மாத்தினா ஊரே சிரிக்கும்டா. மூணாவது சரணத்துல பேஸ் திடீர்னு நின்னுபோகுதே, அதுதான் பாட்டுக்கே உசிரு. அது என் யோசனைன்னு போன மாசம்தான் ரேடியோவுல பேட்டி குடுத்தேன்.”

“உன் யோசனையா?”

“பின்னே?”

ஒலிப்பதிவு செய்யும் அம்மாளுக்குப் பாம்புக்காது என்று பெயர். அவள் அந்தப் பாட்டின் பழைய ஒலிநாடாவை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “எதுக்கு வாக்குவாதம்? பேஸை மட்டும் தனியா ஓட்டறேன். கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.”

“ஓட்டும்மா,” என்றான் அண்ணன் தாராளமாக. “சத்தத்துல பேரா ஒட்டியிருக்கும்?”

அவன் மறந்தது ஒன்றுதான். அந்தப் பாட்டுக்கு பேஸைப் பதிந்தது ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் வைத்த மைக்கில். பெட்டிக்குப் பக்கத்தில் நடந்தது எல்லாமே அதில் விழுந்திருக்கும். முழுப் பாட்டில் டிரம்ஸ் அதையெல்லாம் மூடிவிட்டது.

மூன்றாவது சரணம் வந்தது. பேஸ் படிப்படியாகக் கீழே இறங்கி, நின்றது. பளார் என்று ஓர் அறை. நாற்காலி சாய்ந்தது. பிறகு அண்ணனின் இளவயசுக் குரல்: “மரமண்டை, அழாம வாசி.” பேஸ் மறுபடி தொடங்கியது, முன்னைவிடக் கனமாக.

அண்ணன் எழுந்து நாடாச் சுருளைப் பிடுங்கினான்.

“அதை வெச்சிடு.”

“எரிச்சிடுவேன்.”

தம்பி மணிக்கட்டைப் பிடித்தான். அண்ணன் இன்னொரு கையால் மைக் ஸ்டாண்டைத் தூக்கிக் காதோடு சேர்த்து அடித்தான். தம்பி ஒலிக்கலவை மேஜைமேல் உதடு கிழிய விழுந்தான். பொத்தான்களின் இடுக்கெல்லாம் ரத்தம் ஓடியது. எழுவதற்குள் மைக் கேபிள் அவன் கழுத்தில் விழுந்தது.

“அன்னிக்கே உன் கையை ஒடிச்சிருக்கணும்டா,” என்று மூச்சிரைத்தான் அண்ணன், இறுக்கிக்கொண்டே.

தம்பி தலையைப் பின்னால் வீசினான். மண்டை அண்ணனின் வாயில் மோதிய சத்தத்தோடு இரண்டு பல் தெறித்தது. கேபிள் தளர்ந்தது. அண்ணன் சுருளோடு கதவுக்கு ஓடினான். சத்தம் வெளியே போகாதபடி செய்த கதவு, ஆள் எடைக்கு மேல் கனம். பாதி உடம்பு வெளியே போனபோது தம்பி அவனைக் காலர் பிடித்து உள்ளே இழுத்தான். நாடா பிடித்த வலது கை மட்டும் கதவிடுக்கில் நின்றது. அங்கேயே அதை அழுத்திப் பிடித்தான்.

“விடு.”

“மாட்டேன்.”

கதவைச் சாத்தினான். எலும்பு முறிந்தது. திறந்தான்.

“விடுண்ணே.”

“போடா.”

மறுபடி சாத்தினான். மூன்றாவது தடவை விரல்கள் தானாகவே விரிந்தன. எந்த விரல் எந்தப் பக்கம் மடங்கியிருக்கிறது என்று தெரியவில்லை.

பாம்புக்காது குனிந்து சுருளை எடுத்தாள். முந்தானையால் துடைத்தாள். “ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். அச்சகத்துல ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாங்க. பேஸுக்கு நேர என்ன போடறது?”

தரையில் கிடந்த அண்ணன் ரத்தத்தைத் துப்பினான். “என் அடி இல்லாட்டி அந்த மௌனம் ஏதுடா? அந்த இடத்துல நானும்தானே இருக்கேன்.”

தம்பி கிழிந்த உதட்டோடு சிரித்தான்.

“நியாயந்தான். எழுதிக்கோங்கம்மா. பேஸ் கிதார், நான். மூணாவது சரணத்துல அறை, அண்ணன்.”

அவள் சொன்னதை அப்படியே எழுதினாள். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டாள்: “வலது கைன்னும் போட்டுடவா?”

“போடுங்க,” என்றான் தம்பி. “இனிமே அந்தக் கைக்கு வேற வேலை இல்ல.”