கமலேஸ்வரி வாங்கிய இரும்புப் பலகை

கமலேஸ்வரிக்கு இரத்தத்தில் சீனி கூடிய வருத்தம் என்று தெரிந்தபோது வயது நாற்பத்து நான்கு. நடக்கச் சொன்னார் டொக்டர். அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை முடிந்து வந்ததும் உடுப்பை மாற்றிக்கொண்டு கடற்கரையோரம் கைவீசி நடந்தாள். 2006இல் சந்தையில் குண்டு வெடித்த பிறகு அதுவும் போயிற்று. கடற்கரையில் முள்ளுக்கம்பி வந்தது. இருட்ட முன்னமே கதவைச் சாத்திக்கொண்டு கணவன் யோகலிங்கத்தோடு வீட்டுக்குள் கிடக்க வேண்டியிருந்தது. சீனி மறுபடி ஏறியது.

கனடாவுக்குப் போன தங்கையின் பிள்ளைகள் விட்டுப்போன பிளேஸ்டேஷனும் ஒரு பிளாஸ்டிக் நடனப் பாயும் அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடந்தன. ஒரு சனிக்கிழமை பொழுது போகாமல் எடுத்து டிவியில் பொருத்தினாள். பாட்டு ஓடும். திரையில் அம்புக்குறிகள் கீழிருந்து மேலே ஏறும். அவை உச்சியைத் தொடும் நேரத்தில் காலடியில் அதே அம்பை மிதிக்க வேண்டும். முதல் நாள் மூச்சு வாங்கிக் கதிரையில் விழுந்தாள். சில மாதங்களில் சீனி இறங்கியது. அதற்குள் அவளுக்கு அது பிடித்தும் போயிருந்தது. கச்சேரியில் மேசைக்குக் கீழே அவள் கால்கள் தன்பாட்டில் அம்புகளைத் தேடின.

பாய் கிழிந்து சறுக்கத் தொடங்கியது. மத்திய வீதியில் ஸஹாப்தீன் தன் கேம் கடையை மூடப்போகிறாராம், அங்கே இரும்பில் செய்த பலகைகள் இருக்கின்றனவாம் என்று கேள்விப்பட்டு யோகலிங்கத்தை இழுத்துக்கொண்டு போனாள்.

"யாருக்கு, மகனுக்கா?" என்றார் ஸஹாப்தீன்.

"எனக்கு."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். யோகலிங்கம் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டார்.

"இது பெடியன்மார் குதிக்கிற சாமான், அக்கா."

"நானும் குதிக்கிறனான். டிவியைப் போடுங்கோ."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். பாதி பாட்டில் இறங்கிவிட்டாள். "இடப்பக்க அம்பு ஒருக்காப் பிடிக்குது, ஒருக்காப் பிடிக்குதில்லை. மற்றதைக் காட்டுங்கோ."

ஸஹாப்தீனின் முகம் கறுத்தது. மற்றதைச் சுவரோரத்திலிருந்து இழுத்து அவள் முன்னால் தொப்பென்று போட்டார். அது நன்றாயிருந்தது. ஓட்டோவில் ஏற்றும்போது சொன்னார்: "இரும்பும் வயருமா இருக்கு. ஆமி கேட்டா எங்கிட்ட வாங்கினதெண்டு சொல்லிடாதீங்க."

அவர்கள் இருந்தது யோகலிங்கத்தின் தகப்பன் வீட்டில் பாதி. மறுபாதி அவருடைய அக்கா புஷ்பவதிக்குச் சீதனமாகப் போயிருந்தது. நடுவில் ஆளுயரச் சுவர், அதற்கு மேலே பலகைத் தட்டி. கிணற்றிலிருந்து தேங்காய் வரைக்கும் இரண்டு பெண்களும் சண்டை பிடித்துத் தீர்த்திருந்தார்கள். புஷ்பவதி விதவை. ஒரே மகன் கொழும்பில் படிக்கிறான் என்று ஊருக்குச் சொல்லிவந்தாள். அவன் வன்னிக்குப் போய் இயக்கத்தில் சேர்ந்துவிட்டது வீட்டாருக்கு மட்டும் தெரியும்.

பலகை வந்த அன்றே தட்டிக்கு மேலால் குரல் வந்தது. "சனம் செத்துக்கொண்டிருக்கு. உனக்கு ஆட்டம் கேக்குதோ?"

"உங்கட அறைக்குள்ள வந்தோ ஆடுறன், மச்சாள்?"

"பிள்ளை பெறாத வயித்துக்கு ஆட்டம் ஒரு கேடு!"

கமலேஸ்வரி டிவியின் சத்தத்தைக் கூட்டினாள். மறுநாளும் கூட்டினாள்.

"எவ்வளவு நாளைக்கெண்டு பாப்பம்" என்றாள் புஷ்பவதி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஆமிக்காரர் வந்தார்கள். தெருவில் வேறு எந்த வீட்டுக்கும் போகவில்லை. இங்கே குசினியையோ அலுமாரியையோ திறந்துகூடப் பார்க்காமல் நேரே பலகையிடம் போனார்கள். யார் சொல்லி வந்தார்கள் என்று கமலேஸ்வரிக்கு அப்போதே விளங்கிவிட்டது. யோகலிங்கத்தை முற்றத்தில் முழங்காலில் இருத்தி, கைகளைத் தலைக்குப் பின்னால் கட்டச் சொன்னார்கள்.

"இது என்ன?" அதிகாரி உடைந்த தமிழில் கேட்டான்.

"விளையாடுற சாமான், சேர். டிவியோட."

"இரும்பு. வயர். ஒவ்வொரு நாளும் அடிக்கிற சத்தம். உள்ள என்ன?"

"ஒண்டுமில்லை, சேர்."

"அப்ப நீ ஏறு."

மற்றவர்கள் எல்லோரும் விறாந்தைக்குப் பின்வாங்கி நின்று துவக்கை நீட்டினார்கள். வயரைச் செருகி, வீட்டுச் சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். முதல் அம்புகள் எல்லாம் தவறின. முற்றத்தில் கணவனின் மூச்சுக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம், எந்நேரமும் பாடும் றேடியோவை யாரோ நிறுத்தியிருந்தார்கள். மச்சாள் நின்று கேட்கிறாள் என்று நினைத்ததும் கமலேஸ்வரியின் நெஞ்சுக்குள் ஏதோ பற்றி எரிந்தது. பயம் போன இடம் தெரியவில்லை. ஓங்கி ஓங்கி மிதித்தாள். அதன் பிறகு ஒரு அம்பும் தவறவில்லை. பாட்டு முடிந்தபோது இளம் ஆமிக்காரன் ஒருவன் கைதட்டப் போய், அதிகாரியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினான்.

பலகையைக் கழற்றிப் பார்த்தார்கள். தகடும் வயரும்தான். அதிகாரி அதை எட்டி உதைத்தான்.

"பக்கத்து வீடு யார்?"

"மச்சாள். இவற்ர அக்கா."

"பிள்ளைகள்?"

அவன் கண் அவளைவிட்டு அசையவில்லை. ஒரு சொல் போதும். அது நாக்கு நுனியில்தான் நின்றது.

"ஒரு மகன். கொழும்பில படிக்கிறான்" என்றாள்.

அவர்கள் போனதும் யோகலிங்கம் எழும்ப முடியாமல் முற்றத்திலேயே உட்கார்ந்து அழுதார். கமலேஸ்வரி சுத்தியலை எடுத்து, வளைந்த தகட்டை அடித்து நிமிர்த்தி, திருகாணிகளை முறுக்கினாள். பிறகு சுவரருகே போய் நின்றாள்.

"மச்சாள், கேட்டுக்கொண்டு நிக்கிறியள் எண்டு தெரியும். உங்கட மகனைப் பற்றி ஆமிக்காரன் கேட்டவன். கொழும்பெண்டு சொன்னனான். அடுத்தமுறையும் அப்பிடித்தான் சொல்லுவன் எண்டு நினைச்சுக்கொண்டிருக்காதேங்கோ."



அதற்குப் பிறகு தட்டிக்கு மேலால் ஒரு சொல்லும் வரவில்லை. தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் புஷ்பவதி ஓடிப்போய்க் கதவுக்குத் தாழ் போடுவது மட்டும் கேட்கும். கமலேஸ்வரி வழக்கம்போல் ஆடினாள். ஆமியிடம் தான் ஒருநாளும் சொல்லப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஆனால் அதைச் சுவருக்கு அந்தப் பக்கம் தெரியவிட அவளுக்கு மனமில்லை.

ஒருநாள் யோகலிங்கம் பலகைக்கு முன்னால் வந்து நின்றார். "அக்கா அடுப்பு மூட்டேல்லை. நித்திரையுமில்லை. ஆமிக்குச் சொல்லமாட்டன் எண்டு நீ ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

"சோறு பானையில இருக்கு. கொண்டுபோய்க் குடுங்கோ."

"கமலேஸ்..."

"சோறு குடுக்கலாம். சொல்லுக் குடுக்க ஏலாது."

அவர் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, மீன்குழம்பை ஊற்றிக்கொண்டு பின்கதவால் போனார். அவள் துவாயால் முகத்தைத் துடைத்துவிட்டு, பலகையில் ஏறி, அடுத்த பாட்டைத் தேடினாள்.