பெயர்த்தெடுத்த நங்கூரம்

1

இதை எழுதாதே என்று சொல்லிவிட்டுத்தான் ஆர்கிரோ என்னிடம் சொன்னாள். கிரேக்கத் துறைமுக நகரமான பிரேயஸில் நாங்கள் இருவரும் பங்கிட்டுக்கொண்ட வீட்டின் மொட்டைமாடியில், ஈரத்துணியை உதறிக்கொண்டே. சரி என்று தலையாட்டினேன். இப்போது எழுதுகிறேன். பெயரை மட்டும் மாற்றியிருக்கிறேன். துரோகம் என்றால் துரோகம்தான். ஆனால் எங்களைப் போன்றவர்கள் இப்படிப்பட்டதையெல்லாம் துணியோடு சேர்த்துக் காயப்போட்டுவிட்டு மறந்துபோகிறோம். மற்றவர்கள் அதையே இனிய விடுமுறை என்று எழுதிவிடுகிறார்கள்.

2

முதல் தொடக்கம்: "ஈஜியன் கடல் அன்று நீலப் பட்டு விரித்தாற்போல்…"

அடித்துவிட்டேன். ஆர்கிரோவின் அப்பா அந்தக் கடலில் முப்பது வருடம் மீன் பிடித்தவர். அவர் வீட்டில் யாரும் அதைப் பட்டு என்று சொன்னதில்லை.

இரண்டாம் தொடக்கம்: "மூன்று நண்பர்கள், ஒரு பழைய பாய்மரப் படகு, செப்டம்பர் கடைசி."

இது பரவாயில்லை. செப்டம்பர் கடைசியில் வாடகை பாதி. சம்பள மாலுமி வேண்டாம் என்றால் இன்னும் குறைவு. லூக்காஸிடம் படகோட்டும் உரிமம் இருந்தது. ஆனால் கூட ஒருவர், தனக்கும் பாய்மரப் படகில் பழக்கம் உண்டு என்று பொறுப்புறுதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீ போடுடி," என்றாள் மிர்தோ. லூக்காஸின் காதலி, ஆர்கிரோவோடு கல்லூரியில் படித்தவள். "நீதானே மீன்காரர் பொண்ணு."

"அப்பா படகுல மோட்டார்தான். பாயை நான் தொட்டதே இல்ல."

"அதை யாரு வந்து பாக்கப்போறா? கடல் கடல்தானே?"

ஆர்கிரோ போட்டாள்.

(பொய்யான பொறுப்புறுதி இங்கே குற்றம். அது எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் போடுகிறோம். மாட்டுகிறவர்கள் மட்டும் எப்போதும் ஒரே வகை ஆட்கள்.)

3

லூக்காஸைப் பற்றி. முதல் பிரதியில் அவனைக் கெட்டவனாக எழுதினேன். டாக்டர் அப்பா, வக்கீல் மாமா, அழுக்கே படாத வெள்ளைச் செருப்பு. எழுதும்போது கை சுகமாக ஓடியது. அதனாலேயே சந்தேகம் வந்தது. உண்மையில் அவன் நல்லவன். ஆர்கிரோ வாந்தியெடுத்தபோது வாளி பிடித்தான். மூன்று நாளும் டின்னில் அடைத்த, திராட்சை இலையில் சோறு பொதிந்த தோல்மா, தக்காளி, காய்ந்த ரஸ்க்தான் சாப்பாடு. கடைசி ஃபெத்தா பாலாடைக்கட்டித் துண்டை அவளுக்கென்று எடுத்து வைத்தான். நல்லவர்களை வைத்துக் கதை எழுதுவது எரிச்சல் பிடித்த வேலை. கோபத்தை எங்கே மாட்டுவது?

4

சனிக்கிழமை மாலை, கித்னோஸ் தீவில் ஒரு சின்னத் துறை. தெற்குப் பக்கம் திறந்தது; அங்கிருந்து காற்றடித்தால் மறைப்பே இல்லை. முன்னால் நங்கூரத்தைப் போட்டுவிட்டு, படகைப் பின்னுக்கு ஓட்டி, பின்பக்கத்தைக் கல்துறையில் கட்ட வேண்டும். நங்கூரம் மண்ணைப் பிடித்திருக்கும்வரைதான் படகு கல்லில் மோதாது.

பக்கத்தில் ஒரு மரப்படகு. அதன் சொந்தக்காரர் யக்கூமிஸ், எழுபது வயது. இவர்கள் எறிந்த கயிற்றைப் பிடித்துக் கட்டிக்கொடுத்தார், திட்டிக்கொண்டே.

"ஏம்ப்பா, பாய்ப் படகுக்காரங்களுக்குக் கண்ணே கிடையாதா? என் நங்கூரச் சங்கிலி மேலயே போட்டுட்டீங்களே!"

"காலைல எடுத்துடறோம் பெரியவரே," என்றான் லூக்காஸ்.

"நான் இருக்கறப்ப எடுங்க. எப்படின்னு சொல்றேன்."

அப்புறம் ஒரு தட்டு பொரித்த மீனும் கொடுத்தார்.

ஞாயிறு காலை அவர் இல்லை. மேலே கோயிலுக்குப் போயிருந்தார்.* சாயங்காலத்துக்குள், வாடகைக்கு எடுத்த லவ்ரியோ துறையில் படகை ஒப்படைக்க வேண்டும். லூக்காஸ் காத்திருக்கவில்லை. ஆர்கிரோ முன்முனையில் நின்று, சங்கிலியை இழுக்கும் மோட்டாரின் பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியது. அவர்களுடைய நங்கூரம் மேலே வந்தது. அதன் கொக்கியில் யக்கூமிஸின் சங்கிலி. ஒரு வெட்டு வெட்டி, சேறு வழிய அவருடைய நங்கூரமும் பெயர்ந்து வந்தது.

லூக்காஸ் கயிறு கொடுத்துச் சங்கிலியைப் பிரித்தான். அவருடைய நங்கூரம் தண்ணீருக்குள் தொப்பென்று விழுந்தது.

"விடு, பிடிச்சுக்கும்."

"பிடிக்காது லூக்கா. போட்டு இழுத்தாத்தான் மண்ணுக்குள்ள இறங்கும். இப்ப சும்மா படுத்துக் கெடக்கு."

"காத்தே இல்லயே."

"மத்தியானம் தெக்கத்திக் காத்து வரும்னு வானிலையில நீதானே படிச்ச?"

"அதுக்குள்ள அவரு வந்துடுவாரு. அவருக்குத் தெரியாததா?"

அவள் தங்கள் நங்கூரத்தை முன்முனையில் கட்டி வைத்தாள். கிளம்பிவிட்டார்கள்.

* மனைவியின் நினைவுப் பூசைக்கு. உண்மை நாடகத்தனமாக இருக்கிறதே என்று, மீன் விற்கப் போனதாக முதலில் மாற்றி எழுதினேன். பிறகு வெட்கப்பட்டுத் திருத்தினேன்.

5

மதியம் தெற்கத்திக் காற்று வந்தது. அவர்களுக்கு அது பின்காற்று. மூன்று நாளில் முதல்முறையாகப் பாய் முழுதாக உப்பியது. லூக்காஸ் இஞ்சினை அணைத்தான்.

"இதுக்குத்தாண்டி வந்தோம்!" என்று மிர்தோ கூவினாள்.

(இங்கே ஓர் அழகான வாக்கியம் வைத்திருந்தேன்: "அவர்களைத் தள்ளிய அதே காற்று அந்தத் துறையில்…" வேண்டாம். ஒரு கிழவரின் படகு கல்லில் இடித்துக்கொண்டிருக்கும்போது அழகு எதற்கு?)

ஆர்கிரோவின் பையில் ஒரு கடிதம் இருந்தது. அரசுப் பள்ளி ஆசிரியையாக நியமனம், செவ்வாய்க்கிழமை பதவி உறுதிமொழி. அவள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் அவள்.

"நான் துறைமுகக் காவலுக்குப் போன் பண்றேன்."

"லூசாடி நீ? எந்தப் படகும்பாங்க, காகிதத்த எடும்பாங்க. அதுல உன் கையெழுத்துல்ல இருக்கு! வேலையே போயிடும்," என்றாள் மிர்தோ.

"எனக்கு ஒண்ணுமில்ல, மாமா பாத்துக்குவாரு," என்றான் லூக்காஸ். "உன்ன நெனச்சுத்தான் சொல்றேன், டீச்சரம்மா."

அவளை நினைத்துத்தான். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

6

முடிவு, முதல் முயற்சி: அவள் சொல்கிறாள், படகு பிழைக்கிறது, யாரும் எதுவும் கேட்கவில்லை. கிழித்தேன். எதுவும் கேட்காத அலுவலகத்தை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது: அவள் சொல்லவில்லை. செவ்வாயன்று நற்செய்திப் புத்தகத்தில் கை வைக்கிறாள், விரல் நடுங்குகிறது. கிழித்தேன். இல்லாத வீட்டுப் பெண்ணுக்குக் குற்ற உணர்ச்சியைப் பரிசாகக் கொடுக்கும் கதைகள் போதும்.

மூன்றாவது: லூக்காஸ் போனை வாங்கி, "கேப்டன் நான். தப்பு என்னுது," என்கிறான். நாலே சொல். இதை அவன் வாயில் வைக்க மூன்று நாள் போராடினேன். அவன் நல்லவன், வாளி பிடித்தவன். ஆனாலும் சொல்லமாட்டேன் என்கிறான். பாயைச் சரிசெய்வதுபோல் திரும்பி நிற்கிறான்.

7

ஆகவே அவள்தான் போன் செய்கிறாள்.

"துறைமுகக் காவல், சொல்லுங்க."

"கித்னோஸ்ல, யக்கூமிஸ்னு ஒரு பெரியவரோட மரப்படகு. அதோட நங்கூரம் பெயர்ந்து கெடக்கு. தெக்கத்திக் காத்து. உடனே ஆளு அனுப்புங்க, அவரு கோயில்ல இருப்பாரு."

"ஒங்களுக்கு எப்படித் தெரியும்? யாரு பேசறீங்க?"

இங்கே நிறுத்துகிறேன்.

பேர் சொல்லாமல் வைத்துவிடலாம் என்பீர்கள். படகு ஏற்கெனவே உடைந்திருந்தால்? பேர் இருந்தால் வாடகைப் படகின் காப்பீடு அவருக்குப் பலகை வாங்கித் தரும். பேர் இல்லாவிட்டால் அவர் படகை உடைத்தது வெறும் காற்று என்றாகிவிடும்.

சொல்லத்தான் வேண்டும் என்று உடனே தலையாட்டுகிறவர்கள் சற்றுப் பொறுங்கள். அந்தச் செவ்வாய்க்கிழமை உங்களுடையதாக இருக்கட்டும். மாமா யாரும் இல்லை. பாயைப் பார்த்தபடி இரண்டு நல்ல நண்பர்கள் இருக்கிறார்கள். இப்போது போனைக் காதில் வையுங்கள்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா? பேரச் சொல்லுங்க."