மிஷினில் ஒட்டிய நம்பர்

மெக்கானிக்கின் மனைவி வாஷிங் மிஷினின் உள்தொட்டியைக் கவிழ்த்துப் போட்டுப் பழைய பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். உப்புப் படிவு வெள்ளை வெள்ளையாய் உதிர்ந்தது. யாரும் ரிப்பேருக்குக் கொடுத்த மிஷின் அல்ல அது. பழைய இரும்புக்குப் போட வைத்திருந்தது. சும்மா உட்கார்ந்தால் கண் போனையே பார்க்கிறதே என்று இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. கடைக்குள் மெக்கானிக், ஏற்கெனவே துடைத்து வைத்த ஸ்பேனர்களை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

"சீசன் டல்லு," என்றார்.

"அழுக்குத் துணிக்கு ஏதுங்க சீசன்?"

போன மாதம்வரை இரண்டு பேருக்கும் சாப்பிட நேரமில்லை. எல்லாம் 'ஃபர்ஸ்ட் பேஜ்' செய்த வேலை. அந்த ஆளுக்கு இவர்கள் வைத்த பெயர் அது. வாயைத் திறந்தால் அதுதான் வரும். "வாஷிங் மிஷின் ரிப்பேர்னு இந்த ஏரியால யாரு போன்ல தேடினாலும் உங்க கடைதான்கா ஃபர்ஸ்ட் பேஜ்ல நிக்கும்," என்று மாதச் சம்பளத்துக்கு ஒப்புக்கொண்டான். சொன்னபடி செய்தும் காட்டினான், இல்லையென்று சொல்லக் கூடாது. மெக்கானிக்கை ஒரு மிஷின் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்து, கடைப் பேரில் தொடங்கிய இணையப் பக்கத்தில் போட்டான். கல்யாணப் படத்தில்கூட அந்த மனுஷன் அப்படிச் சிரித்ததில்லை.

அந்தப் பக்கத்தைப் பதிய அவன் ஈமெயில் கேட்டபோது இவள் திருதிருவென்று விழித்தாள். "விடுங்கக்கா, என்னோடதையே போட்டுக்கறேன்," என்றான். பிறகு ஒரு புது நம்பர் கொடுத்தான். "இதுல அடிச்சா உங்க போன்தான் அடிக்கும். எத்தனை பேர் கூப்பிடறாங்கன்னு எனக்குத் தெரியணும்ல?"

அவளுக்கு அந்த நம்பர் ராசியான நம்பராகப் போயிற்று. ரிப்பேர் முடிந்ததும் மிஷின் பக்கவாட்டில் கடை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவது அவர்கள் வழக்கம். பழைய ஸ்டிக்கர்களைக் குப்பையில் கொட்டிவிட்டுப் புது நம்பரோடு அச்சடித்து வந்தாள். அதோடு விட்டாளா? பழைய வாடிக்கைக்காரர்கள் வீட்டுக்கெல்லாம் தானே நடந்துபோய், பழசைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசை ஒட்டினாள். கட்டைவிரலால் நாலு மூலையையும் அழுத்தி அழுத்தி ஒட்டினாள்.

போன மாதம் ஃபர்ஸ்ட் பேஜ் தன் சம்பளத்தை இரண்டு மடங்காகக் கேட்டான். "கட்டுப்படியாகாது தம்பி. இனிமே நாங்களே பாத்துக்கறோம்," என்று நல்லபடியாகத்தான் சொல்லி அனுப்பினாள். அவனும் சிரித்துக்கொண்டேதான் போனான்.

"உங்களை நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!"

குரல் கேட்டு நிமிர்ந்தாள். வாசலில் டீச்சரம்மா. கடை திறந்த நாளிலிருந்து வாடிக்கை. கோபத்தில் மூச்சு வாங்கியது அவளுக்கு.

"தண்ணி இறங்கலைன்னுதானே கூப்பிட்டேன்? உங்க ஆளு வந்து மிஷினோட போர்டையே கழட்டிட்டுப் போயிட்டான். ஒரு வாரமா இன்னைக்கு, நாளைக்குங்கறான்!"

"எங்க ஆளா? இவரை விட்டா எங்களுக்கு ஏதுங்க ஆளு?"

"அப்ப ஸ்டிக்கர்ல இருக்கற நம்பர் யாரோடது? நீங்கதானே வீடு தேடி வந்து ஒட்டினீங்க?"

மெக்கானிக்கின் மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு டீச்சரம்மாவின் போனை வாங்கி அந்த நம்பரை அழுத்தினாள். மேஜைமேல் இருந்த கடை போன் அடிக்கவில்லை. வேறெங்கோ மணி போயிற்று. யாரோ எடுத்தான். மகளின் பெயரைத்தான் கடைக்கு வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சொல்லி, "சர்வீஸ் சென்டர், சொல்லுங்க மேடம்," என்றான், பெற்றவளிடமே.

உடனே ஃபர்ஸ்ட் பேஜைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீங்கதானேக்கா வேண்டாம்னீங்க?" அவன் குரலில் பதற்றமே இல்லை. "அந்தப் பக்கம் நான் கட்டின வீடு மாதிரி. நீங்க காலி பண்ணீங்க, வேற ஆளுக்கு வாடகைக்கு விட்டுட்டேன்."

"பேரு எங்க கடைப் பேருடா!"

"அந்தப் பேரு ஊர்ல ஆயிரம் பொண்ணுங்களுக்கு இருக்குக்கா."

"இவரு மூஞ்சி? அதையுமா வாடகைக்கு விட்ட?"

"அதைப் பாத்துத்தான்கா நிறையப் பேர் கூப்பிடறாங்க. அதை எப்படி எடுக்க முடியும்? அண்ணனுக்கு வேலை வேணும்னா சொல்லுங்க, அந்த ஆளு மெக்கானிக் பத்தாம திண்டாடறாரு."

"அடப்பாவி!" என்றாள் டீச்சரம்மா. மெக்கானிக், கையில் இருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல் நின்றார்.

காவல் நிலையத்தில், "எழுதிக் குடுத்துட்டுப் போங்க, பாக்கறோம்," என்றார்கள். அவள் மறுபடி வீடு வீடாகப் போனாள். சிலர் ஸ்டிக்கரைச் சுரண்ட விட்டார்கள். சிலர், "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கதவைச் சாத்தினார்கள். எந்தெந்த வீட்டில் ஒட்டினோம் என்று பாதி ஞாபகமில்லை. கடை போன் ஊமையாகவே கிடந்தது.

ஒருநாள் காலை மெக்கானிக் டூல் பையைத் தோளில் மாட்டினார்.

"எங்கங்க?"

"ரிப்பேருக்குக் கூப்பிட்டிருக்காங்க."

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. பையைத் தூக்கிவிடக் கூடவே ஓடினாள். அன்று வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

சாயங்காலம் திரும்பி வந்தவர் பையை இறக்காமலே வாசலில் நின்றார்.

"யாருங்க கூப்பிட்டது? பழைய வாடிக்கையா?"

"அந்த வாடகைக்காரன்தான். தினக்கூலி."

அவர் தரையைப் பார்த்துப் பேசினார்.

"கதவைத் தொறந்த அம்மா போனையும் என்னையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. 'படத்துல சிரிச்சுக்கிட்டு நிக்கற ஓனர் நீங்கதானே?'ன்னு அவ்வளவு சந்தோஷமா கேட்டாங்க."

"ஆமான்னு சொன்னீங்கதானே?"

"அப்படிச் சொன்னா மறுநாள் வேலை கிடையாதுன்னு சொல்லித்தான் அனுப்பினான். 'ஓனர் வேறம்மா, நான் கூலி ஆளு, சாடை ஒத்துப்போகுதுன்னு எல்லாருந்தான் சொல்றாங்க'ன்னு சொல்லிட்டு மிஷினைப் பிரிச்சேன்."