பல்கீஸ் பஸ்

அருப்புக்கோட்டையில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் சுகப்பிரியா, கம்ப்யூட்டரில் தானே ஒரு தமிழ் எழுத்துரு வரைந்திருந்தாள். சும்மா சொல்லக் கூடாது, எழுத்தென்றால் அதுதான் எழுத்து! நல்ல தடிமன், வலப்பக்கம் சாய்ந்த ஓட்டம், ஒவ்வொரு கோடும் முடிகிற இடத்தில் செங்கல் போலச் சதுரமாக ஒரு கட்டை. கல்யாண பேனருக்கு வந்தவர்கள் எல்லாம், "எழுத்து பூட்ஸ் போட்டுருக்கு" என்று சிரித்துவிட்டுப் கொடி போல வளைகிற பழைய எழுத்தையே வாங்கிப் போனார்கள். போகட்டும், அவர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

மதார் மைதீன் பாய்க்குத்தான் பிடித்தது. சவுதியிலிருந்து திரும்பி, திருச்சுழி வழியாக நரிக்குடிக்குப் புது பஸ் விடுகிறவர். பஸ்ஸுக்கு மனைவி பல்கீஸின் பெயரையே வைத்திருந்தார்.

"இதையே ஒட்டும்மா. பருத்திக் காட்டுல நிக்கிறவுகளுக்கும் தெரியணும்" என்றார்.

சுகப்பிரியாவுக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டால் அந்த வட்டாரம் முழுக்க அவள் எழுத்து ஓடும். இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

முதல் டிரிப்புக்கு முந்தின நாள் காலையில் டிரைவர் பக்கம் ஒட்டி முடித்தாள். நிற்கிற பஸ்ஸே கிளம்பிவிட்டது போலிருந்தது. பாய் கைதட்டினார். அடுத்துப் படிக்கட்டுப் பக்கம் ஒட்டினாள். பாய் முகம் சுண்டிவிட்டது.

"என்னம்மா இது? என் பொண்டாட்டிய யாரோ பின்னால புடிச்சு இழுக்குறாங்க!"

ஐயையோ! அந்தப் பக்கம் நின்று பார்த்தால் பஸ்ஸின் முகம் இடப்பக்கம். எழுத்தோ வலப்பக்கம் சாய்கிறது. பஸ் முன்னால் போகப் போக, பெயர் பின்னால் சரிகிறது. ஸ்கிரீனிலேயே பார்த்துப் பழகியவளுக்கு இது உறைக்கவே இல்லை.

"ரெண்டு பக்கமும் உரிச்சுரு. சாதா எழுத்தே போதும்."

"சாயங்காலம் வரைக்கும் பொறுங்க பாய். இந்தப் பக்கத்துக்கு முன்னால சாயுற மாதிரி வரஞ்சு தாரேன். நல்லா இல்லைன்னா நானே உரிச்சுப் போடுறேன்."

கம்ப்யூட்டரில் சாய்வை மட்டும் திருப்பிப் பார்த்தாள். கண்றாவி! 'ல்' வயிறு தள்ளியது, 'கீ' நொண்டியது. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே நான்கு எழுத்தையும் முதலிலிருந்து வரைந்தாள். வளைவுகளில் தடிமனை இடம் மாற்றினாள். கட்டைகள் எல்லாம் தரையில் அழுந்தப் படிகிறவரை விடவில்லை.

வெயில் தாழ ஒட்டி முடித்தபோது பாய் உற்றுப் பார்த்தார். "பேருக்குரியவ நாளைக்கு வந்து சொல்லட்டும்" என்று போய்விட்டார். மனுஷன் ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்!

காலையில் பல்கீஸ் வந்தார். ஊரில் அவரை மைதீன் சம்சாரம் என்றுதான் சொல்வார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி வந்தார். படிக்கட்டுப் பக்கம் நின்றார். மறுபடியும் சுற்றினார்.

"எந்தப் பக்கம் பாத்தாலும் நான் முன்னாலதாம்மா போறேன்" என்றார் பல்கீஸ். "இம்புட்டு கெத்தா எம் பேரு?"

சுகப்பிரியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. டிரைவர் ஹாரன் அடித்தார்.

"ஏறு புள்ள, நேரமாச்சு!" என்று உள்ளேயிருந்து கத்தினார் பாய்.

பல்கீஸ் திரும்பக்கூட இல்லை. "செத்த பொறுங்க. நான் இன்னும் பாத்து முடிக்கல."