வெளுத்த பவளம்

பவளம் வெளுத்தால் அதைப் போட்டிருப்பவருக்கு நோய் வரப்போகிறது என்று யாராவது கடைக்கு ஓடிவந்தால், நகைக்கல் தேய்த்துப் பதிக்கும் மெருகுக்காரருக்குச் சிரிப்புத்தான் வரும். வேர்வை பட்டிருக்கும், சென்ட் பட்டிருக்கும், கல்லுக்கு என்ன ஜோசியமா தெரியும் என்பார். இருபது வருஷமாக இதே பாட்டு. டாக்டரைவிடக் கல்லின்மேல் நம்பிக்கை வைத்த ஜனங்கள் என்று கிண்டல் வேறு. கிண்டலுக்குக் கூலி வாங்கவில்லை, அந்தமட்டில் நல்லவர்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில், மனைவி குளிக்கப் போகுமுன் கழற்றி வைத்திருந்த பவள மோதிரத்தைப் பார்த்தார். கல்யாணத்துக்கு அவரே தேய்த்துப் பதித்த கல். சுண்ணாம்பு பூசினாற்போல் வெளுத்துக் கிடந்தது. அவளுக்கு என்ன நோயோ என்றுதான் முதலில் தோன்றியது. உபதேசமெல்லாம் ஊருக்குத்தான்.

அவளிடமே கேட்டிருக்கலாம். கேட்டால் பயந்துவிடுவாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். உண்மையில் பயந்தவர் அவர்தான். மோதிரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போய், பழைய சிவப்பு வரும்வரை சக்கரத்தில் பிடித்துத் தேய்த்தார். மத்தியானம் சாப்பிட வந்தபோது இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அவள் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

எட்டு நாளில் மறுபடி வெளுத்தது. மறுபடி தேய்த்தார். மூன்றாம் தடவை கல் சிறுத்துப்போய் மோதிரத்துக்குள் ஆட ஆரம்பித்தது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் இருமினால் திரும்பிப் பார்த்தார். ஒரு கவளம் குறைத்துச் சாப்பிட்டால் இவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. கடைக்கு வந்தவர்கள்மேல் எரிந்து விழுந்தார். வேர்வைதான், வேர்வைதான் என்று முணுமுணுத்துப் பார்த்தார். தான் சொல்வதைத் தானே நம்ப முடியவில்லை.

அடுத்த வாரம் வேலையில் கை ஓடாமல், கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். சமையலறையில் அவள் மோதிரத்தைக் கிண்ணத்தில் போட்டு, அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். பவளத்துக்குப் புளிப்பு ஆகாது என்று கல்யாணமான புதிதில் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

"என்ன பண்றே நீ?" கோபமாகத்தான் கேட்டார்.

அவள் மறைக்கவில்லை. பழத்தைக் கீழே வைத்தாள்.

"மார்ல ஒரு கட்டி இருக்கு. மூணு மாசமாச்சு. சொல்லணும்னு வருவேன், வாய் வராது. கல்லு வெளுத்திருந்தா, உனக்கு உடம்புக்கு என்னன்னு நீங்களே ஒரு வார்த்தை கேப்பீங்க, அப்ப சொல்லிடலாம்னு இருந்தேன்." கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "நீங்க ஒவ்வொரு தடவையும் தேச்சுக் கொண்டாந்து வெச்சிட்டீங்க."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். மூன்று தடவை, கிட்டத்தட்ட ஒரு மாதம். கல்லோடு சேர்த்து அந்த மாதத்தையும் அவர் கையாலேயே தேய்த்துத் தள்ளியிருக்கிறார். அழுகை வந்தது, அடக்கவில்லை.

"எனக்குப் பயமா இருந்துச்சு, அதான் கேக்கல," என்றார்.

"எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றாள் அவள்.

அவர் எழுந்து அவளுடைய செருப்பை எடுத்துவந்து காலடியில் போட்டார். ஈரக் கையோடு அவளும், திறந்துகிடந்த கடையை மறந்து அவரும், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.